0.22 என்று போட்டிருந்தால் போதுமா? எண்ணெய் ஊசியும் ஃபில்டரும்

[திரையில்: சின்னக் குப்பி, உள்ளே இளமஞ்சள் எண்ணெய்]

வணக்கம். இந்தக் குப்பியில் இருப்பது ஃப்ளூஃபெனசின் டெக்கனோயேட். மனச்சிதைவு நோய்க்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை தசையில் போடும் ஊசி. மருந்தைக் கரைத்திருப்பது நல்லெண்ணெயில். ஆமாம், எள்ளில் எடுக்கும் அதே எண்ணெய்தான். ஊசிக்கென்று தனியாகச் சுத்திகரித்தது.

இதில் கிருமியை எப்படி ஒழிக்கிறார்கள்?

ஆட்டோகிளேவில், அதாவது அழுத்தமான நீராவியால் கிருமியைக் கொல்லும் கருவியில், வைத்தால் போதுமே என்று தோன்றும். போதாது. 121 டிகிரியில் கிருமியைக் கொல்வது ஈரமான சூடு. மூடிய குப்பிக்குள் தண்ணீரில் கரைத்த மருந்து இருந்தால், அந்தத் தண்ணீரே ஈரத்தைக் கொடுத்துவிடும். எண்ணெயில் அதற்கு வழியில்லை. அதனால் எண்ணெய்க்கு உலர் சூடு: 160 டிகிரி, குறைந்தது 2 மணி நேரம். எண்ணெய் தாங்கிவிடும், கரைந்திருக்கும் மருந்து எல்லா நேரமும் தாங்கும் என்று சொல்ல முடியாது. அங்கேதான் ஃபில்டர் வருகிறது.

[ஃபில்டர் உறையில் ‘0.22’ பெரிதாகிறது]

ஃபில்டருக்குள் இருக்கும் சவ்வு முழுக்க 0.22 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஓட்டைகள் வரிசையாக இருக்கின்றன என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலான சவ்வுகளை வெட்டிப் பார்த்தால் காய்ந்த பீர்க்கங்கூடு மாதிரி இருக்கும். வழிகள் வளைந்து நெளிந்து, சில அகலமாக, சில குறுகலாக. ஆக, இது ஓட்டையை அளந்து போட்ட எண் அல்ல. குறிப்பிட்ட ஒரு பாக்டீரியாவை இந்தச் சவ்வு நிறுத்துகிறதா என்று சோதித்துக் கொடுத்த எண்.

ஒரு காலத்தில் 0.45 மைக்ரானே போதும் என்று நம்பினார்கள். 1960-களில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவில் பணியாற்றிய பிரான்சிஸ் போமன், அதையும் தாண்டி வந்த பாக்டீரியாவைப் பிடித்தார். இன்று அதற்குப் பெயர் பிரெவண்டிமோனாஸ் டிமினூட்டா. இப்போது அதை வைத்துத்தான் சோதனையே: சவ்வின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் 1 கோடி பாக்டீரியா. மறுபக்கம் ஒன்றுகூட வரக்கூடாது.

சரி, அந்தப் பாக்டீரியாவை வழக்கமாகக் கலப்பது தண்ணீர் சார்ந்த திரவத்தில். நம் கையில் இருப்பதோ எண்ணெய். அறை வெப்பத்தில் நல்லெண்ணெய் தண்ணீரைவிட ஏறக்குறைய 50 மடங்கு பிசுபிசுப்பு. அழுத்தம் கூட்ட வேண்டும், சூடாக்க வேண்டும். கூடவே பென்சைல் ஆல்கஹால் போன்ற கரைப்பான் இருந்தால், சில வகைச் சவ்வுகள் அதற்கு ஒத்துவராது. அதனால்தான் மருந்துக் கம்பெனி தன் மருந்து, தன் அழுத்தம், தன் சூடு எல்லாவற்றையும் வைத்து ஃபில்டரைத் தனியாக நிரூபிக்க வேண்டியிருக்கிறது.

[நனைந்த சவ்விலிருந்து குமிழிகள்]

வடிகட்டி முடித்த பிறகும் ஒரு சோதனை உண்டு. சவ்வை நனைத்துக் காற்றை அழுத்துவார்கள். எதிர்பார்த்த அழுத்தத்துக்கு முன்பே குமிழி வந்தால் சவ்வில் கிழிசல் இருக்கலாம். எண்ணெய் இங்கேயும் படுத்தும்: அதன் பரப்பு இழுவிசை தண்ணீரில் பாதிகூட இல்லை, நல்ல சவ்விலேயே குமிழி சீக்கிரம் வந்துவிடும். எண்ணெய்க்கென்று தனி அளவு வைத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் நன்றாகக் கழுவிவிட்டுச் சோதிக்க வேண்டும்.

இன்னொன்று. செத்த பாக்டீரியா விட்டுப்போகும் நச்சான எண்டோடாக்சினை இந்த ஃபில்டர் நம்பகமாகப் பிடிக்காது. முதலிலேயே எண்ணெய் சுத்தமாக இருந்தாக வேண்டும்.

ஜிம் வட்டாரத்தில் சிலர் வீட்டிலேயே ஸ்டீராய்டு எண்ணெய் கலந்து, சிரிஞ்சில் ஒரு 0.22 ஃபில்டரை மாட்டித் தள்ளுகிறார்கள். அழுத்தத்தில் அந்தச் சவ்வு கிழிந்திருந்தாலும், வெளியே வரும் எண்ணெய் பார்க்கத் தெளிவாகத்தான் இருக்கும்.