வேவண்டன் முற்றத்தில்

மேடையில் இருக்கும் பெரியோர்களே, காலைப் பெரட்டில் ஆஜராகி, அரைநாள் சம்பளமான அரைப்பேரோடு இறங்கி வந்திருக்கும் அம்மாமாரே, அக்காமாரே, தம்பி தங்கைகளே, வணக்கம்.

இந்த இறம்பொடை வேவண்டன் வீட்டைப் பற்றி முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். மலையகத் தோட்டத் தொழிலாளரின் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமானின் தகப்பனார் கருப்பையா பிழைப்புத் தேடிக் கடல் கடந்து வந்தவர். கங்காணியாகி, பிறகு இந்தத் தோட்டத்தையே வாங்கியவர். துரைமாருக்குத்தான் பங்களா என்றிருந்த காலம் அது. இந்த வீட்டுப் பிள்ளை தேயிலையை விற்று வசதியாக வாழ்ந்துவிட்டுப் போயிருக்கலாம். அவரோ 1939இல் உருவான இலங்கை இந்தியக் காங்கிரசுக்குள் போனார்.

1947 தேர்தலில் காங்கிரசுக்கு 7 இடங்கள் கிடைத்தன. நுவரெலியாவில் இவர் வென்றார். அடுத்த வருஷமே நம்மை நாடற்றவர்களாக்கிய பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அப்புறம் வாக்கும் போயிற்று. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் நம்மில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே என்று எழுதிக்கொண்டார்கள். மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டார்கள். நம் தலைவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

என் பெரியப்பா குடும்பம் இந்தியாவுக்குப் போகத் தலைமன்னார் ரயில் கோச்சி ஏறிய இரவு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நகர்கிற பெட்டியின் ஜன்னலுக்குள் அப்பாயி ஒரு தேயிலைப் பொட்டலத்தைத் திணித்தார். மகனை அதற்குப் பிறகு அவர் பார்க்கவே இல்லை.

அந்த 1947 வெற்றிக்கு 30 வருஷம் கழித்து, 1977இல், தொண்டமான் மறுபடி வாக்குகளால் நாடாளுமன்றம் போனார், 1978இல் அமைச்சரானார். தமிழரைத் தாக்கிய 83 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகும் அந்த நாற்காலியில் ஏன் இருந்தார் என்று நானும் கோபப்பட்டவன்தான். அந்தக் கோபத்தை மறைக்க மாட்டேன். ஆனால் 1984இல் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் வந்தது. அம்மா சம்பளத் துண்டை என்னிடம் நீட்டி, "அப்பாவுக்கும் எனக்கும் ஒரே கணக்கா? வாசிச்சுப் பாரு" என்றார். மூன்று தரம் வாசிக்க வைத்தார்.

1986 தைப்பொங்கலன்று தொண்டமான் பிரார்த்தனைக்கு அழைத்தார். வேலைநிறுத்தம் என்று சொல்லவில்லை. காலையில் கோயிலில் இருங்கள், மத்தியானத்துக்கு மேல் மலைக்கு வேலைக்குப் போங்கள், அவ்வளவுதான். கல்லெறியில்லை, கோஷமில்லை. கொழுந்து மட்டும் செடியிலேயே முற்றிக்கொண்டிருந்தது. கொழும்புக்கு அது புரிந்தது. நாடற்றிருந்த 94,000 பேருக்குப் பிரஜாவுரிமை கொடுக்கச் சட்டம் வந்தது.

அப்பாயிக்கும் அடையாள அட்டை கிடைத்தது. முதல்முறை வாக்குப் போட்டுவிட்டு வந்தவர், விரல் மை அழிந்துவிடும் என்று இரண்டு நாள் பாத்திரம் கழுவவில்லை.

சரி, ஒன்று மட்டும் பாக்கி. இந்த முற்றத்தை விட்டு இறங்கினால் நம்மில் பலர் லயத்து வரிசை அறைகளுக்குத்தான் போகப்போகிறோம். வீடு கட்ட 7 பேர்ச், அதாவது சுமார் 1,900 சதுர அடி, காணி என்றார்கள். அதற்கான உறுதிப் பத்திரம் எத்தனை பேர் கையில் இருக்கிறது? மாலை போட வந்திருக்கும் தலைவர்களே, அது எந்த மாதம் எங்கள் கைக்கு வரும் என்று இங்கேயே, இந்த அம்மாமார் முன்னாலேயே சொல்லிவிட்டுப் போங்கள்.