நர்ஸுங்களை வேலையிலிருந்து அனுப்பும்போது செட்டில்மென்ட் பத்திரம் எப்படி எழுதணும்?

வணக்கம்ங்க. ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் தனியார் ஆஸ்பத்திரியில ஹெச்ஆர் வேலையும் கணக்கும் பார்க்கிறவங்களுக்குத்தான் இன்னைக்கு வீடியோ. ஒரு வார்டை மூடுறீங்க, ஸ்டாஃப் நர்ஸ் சில பேரைக் குறைக்கணும். பத்திரத்துல என்ன எழுதுறது?

முதல்ல, "சொந்தக் காரணத்துக்காக ராஜினாமா செய்றேன்"னு எழுதி வாங்காதீங்க. அனுப்புறது நீங்க, அது ஆட்குறைப்பு. அப்படியே எழுதுங்க. ஒரே பிரிவுல கடைசியா சேர்ந்தவங்க முதல்ல போகணும். மாத்திப் பண்றீங்கன்னா காரணத்தையும் எழுதி வைங்க. பிரசவ லீவுல இருக்கிறவங்களைத் தொடவே கூடாது.

இப்ப பணம். 2025 நவம்பர் 21ல இருந்து புது லேபர் கோடு, அதாவது புதுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, அமல்ல இருக்கு. பேசிக்கைக் குறைச்சு அலவன்ஸை ஏத்துற பழைய வித்தை இனி எடுபடாது. மாசம் மொத்தம் 31,200, அதுல பேசிக் 10,000தான்னு வைங்க. அலவன்ஸ் பாதிக்கு மேல போனா, மிஞ்சுறது சம்பளத்துல சேர்ந்திடும். அப்ப கணக்குக்கு எடுக்கிற சம்பளம் 15,600.

சர்வீஸ் 7 வருஷம் 8 மாசம். ஆறு மாசத்துக்கு மேல இருக்கிறதால 8ன்னு எடுக்கணும். கிராஜுவிட்டிக்கு, அதாவது பணிக்கொடைக்கு, 15,600ஐ 26ஆல (மாசத்துக்கு 26 வேலை நாள்னு கணக்கு) வகுத்து 15ஆல பெருக்கினா 9,000. எட்டு வருஷத்துக்கு 72,000. ஆட்குறைப்பு இழப்பீட்டுக்கு 26 கிடையாது, நேரா அரை மாசச் சம்பளம்: 7,800, எட்டு வருஷத்துக்கு 62,400. நிறைய பேர் இந்த இடத்துலதான் குழம்புறாங்க. ஒரு மாச நோட்டீஸ் தரலைன்னா இன்னொரு 15,600. மொத்தம் 1,50,000.

"எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சம், இனி எதுவும் கேட்க மாட்டேன்"னு ஒரே வரியில முடிச்சீங்கன்னா அது நிக்காது. ஏன்னா அது முழுக்கச் சட்டப்படி வர்ற பணம், நீங்க கூடுதலா ஒரு ரூபாகூட தரலை. சட்டப்படி வர்ற பணத்தை எழுதிக் கொடுத்தாலும் விட்டுத்தர முடியாது. அதனால பத்திரத்துல மேல சொன்ன மூணையும் தனித்தனியா போடுங்க, பாக்கி சம்பளம், லீவு பணமும் அதுலயே. நீங்களா மனசு வச்சுத் தர்ற தொகை அதுக்குக் கீழ தனிப் பத்தியில. "இனி கோர மாட்டேன்"ங்கிற வரி அந்தப் பத்திக்கு மட்டும்தான் நிக்கும்.

வெட்ட வேண்டிய வரிகளும் இருக்கு. "பெங்களூர்ல ஒரு வருஷம் வேலைக்குச் சேரக் கூடாது"ங்கிறது 1872 ஒப்பந்தச் சட்டம் 27ம் பிரிவுப்படி செல்லாது. பாண்டு பணத்தையோ (இத்தனை வருஷம் வேலை பார்ப்பேன்னு எழுதிக் கொடுத்ததுக்கான தொகை) உடைஞ்ச பிபி மெஷின் காசையோ கிராஜுவிட்டியில கழிக்காதீங்க. நர்சிங் கவுன்சில் ரிஜிஸ்ட்ரேஷன் ஒரிஜினல் உங்ககிட்ட இருந்தா அன்னைக்கே கையில கொடுத்துக் கையெழுத்து வாங்குங்க.

பாக்கிச் சம்பளத்தை ரெண்டு வேலை நாளுக்குள்ள போட்டுடணும். இழப்பீடு அவங்க வெளிய போற அன்னைக்கே போயிருக்கணும், செக் தேதியைத் தள்ளிப் போட்டா ஆட்குறைப்பே செல்லாமப் போயிடும். கிராஜுவிட்டிக்கு 30 நாள் டைம். பிஎஃப் போர்ட்டல்ல வேலையை விட்ட தேதியையும் உடனே ஏத்திடுங்க, இல்லைன்னா அவங்க பணம் எடுக்கிறது இழுத்துக்கிட்டே போகும். நர்சிங் சூப்பரின்டென்டென்ட் மாதிரி மேற்பார்வைப் பொறுப்புல 18,000க்கு மேல வாங்குறவங்களுக்கு இந்த இழப்பீட்டு விதி பொருந்தாது. கிராஜுவிட்டி மட்டும் அப்படியேதான்.