பழைய ஜன்னலுக்குக் கண்ணாடி மாற்றுவது

நேயர்களுக்கு வணக்கம்.

நாற்பது ஐம்பது வருஷத்துக்கு முன்னால் கட்டிய வீடுகளில் தேக்குச் சட்டத்தில் ஒற்றைக் கண்ணாடி பதித்த ஜன்னல்கள் இன்னும் நிறைய இருக்கின்றன. சிலவற்றில் கண்ணாடி கீறல் விட்டிருக்கும். சில, காற்றடித்தால் கடகடவென்று ஆடும். கண்ணாடியைச் சட்டத்தோடு பிடித்துவைக்கப் பூசிய ஓரத்துப் புட்டி சில்லு சில்லாகப் பெயர்ந்து விழும். ஜன்னலையே கழற்றி எறிந்துவிட்டுப் பிளாஸ்டிக் ஜன்னல் போடலாம் என்று யோசனை சொல்ல ஆள் இருப்பார்கள். மரம் உளுக்காமல் இருந்தால் அந்தச் செலவு வேண்டாம். கண்ணாடியையும் புட்டியையும் மாற்றினால் போதும்.

மரம் எப்படி இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். ஜன்னல் கதவின் அடிச்சட்டத்தில் ஸ்க்ரூ டிரைவர் முனையை வைத்து அழுத்துங்கள். கேக்கில் இறங்குவதுபோல் உள்ளே போனால், தச்சரைக் கூப்பிட்டு அந்தத் துண்டை மாற்றிய பிறகுதான் கண்ணாடி வேலை. பெரும்பாலும் அடிச்சட்டம்தான் கெடும். மழைத் தண்ணீர் கண்ணாடி வழியே இறங்கி வந்து தங்குகிற இடம் அதுதான்.

பழைய கீறல் எங்கே ஆரம்பித்திருக்கிறது என்றும் கவனியுங்கள். நடுவில் நட்சத்திரம்போல் விரிந்திருந்தால் பந்தோ கல்லோ பட்டிருக்கும். ஓரத்திலிருந்தோ மூலையிலிருந்தோ கிளம்பியிருந்தால் கண்ணாடியை இறுக்கமாக வெட்டிப் போட்டிருக்கிறார்கள், இல்லையென்றால் ஆணி கண்ணாடி ஓரத்தில் முட்டிக்கொண்டிருக்கிறது. இந்தக் காரணத்தைக் கண்டுபிடிக்காமல் புதுக் கண்ணாடி போட்டால் அடுத்த மழைக்காலத்தில் அதுவும் அதே மூலையில் கீறும்.

முடிந்தால் கீல் திருகுகளைக் கழற்றிக் கதவை இறக்கி, மேஜைமேல் படுக்கவைத்து வேலை பாருங்கள். மாடி ஜன்னலுக்கு இது கட்டாயம். உடைந்த கண்ணாடியின் இரு பக்கமும் குறுக்கும் நெடுக்குமாக டேப் ஒட்டுங்கள். தோல் கையுறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். நிற்கிற ஜன்னலில் எடுப்பதானால் மேலிருந்து கீழாக எடுக்கவேண்டும். கீழ்த் துண்டை முதலில் உருவினால் மேல்துண்டு மணிக்கட்டில் இறங்கும். சில்லுகளைத் தடித்த தாளில் சுற்றி, மேலே 'கண்ணாடி' என்று எழுதிக் குப்பைக்குக் கொடுங்கள். அள்ளுகிறவர் கை வெறுங்கையாக இருக்கலாம்.

புட்டிக்குப் பதிலாக மரப் பீடிங், அதாவது மெல்லிய மரப்பட்டை, அடித்த ஜன்னலானால், பீடிங்கை முனையிலிருந்து நெம்பாதீர்கள். மிக நீளமான துண்டின் நடுவில் புட்டி பூசும் தகட்டைச் செருகி மெல்ல வளைத்தால் முனைகள் தாமாகவே வெளியே வரும். ஒவ்வொரு துண்டின் பின்பக்கமும் எண் போட்டு வையுங்கள்.

பழைய புட்டி கல்லாக இறுகியிருக்கும். அதில் உளியைக் கண்மூடித்தனமாக அடித்தால் உள்ளே ஒளிந்திருக்கும் கொண்டையில்லாத ஆணியில் பட்டு வாய் மழுங்கும், மரமும் சிதையும். வெப்பக்காற்றுத் துப்பாக்கி இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடாக்கி இளக்கலாம். கண்ணாடியைக் காப்பாற்ற வேண்டுமென்றால், முக்கியமாகப் பழைய வண்ணக் கண்ணாடிக்கு, சூடு வேண்டாம். ஓரிடத்தில் மட்டும் சூடேறினால் அது வெடிக்கும். பொறுமையாகச் சுரண்டுவதே வழி. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும். நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்துக்கு 90 பங்குக்கு மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதனால் பழைய பூச்சை உலர்வாகத் தேய்க்காமல் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள், முகக்கவசம் போடுங்கள், குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

கண்ணாடி உட்காரும் அந்தப் படியை, அதாவது காடியை, வெறும் மரம் தெரியும்வரை சுத்தம் செய்து உப்புத்தாளால் தேயுங்கள். அடுத்து வருவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். காடி முழுவதும் மரத்துக்கு அடிக்கும் ஆயில் பிரைமர் ஒரு கோட் அடித்து ஒரு நாள் காயவிட வேண்டும். புட்டியில் இருப்பது சாக் பவுடரும் ஆளிவிதை எண்ணெயும்தான். காய்ந்த மரம் அந்த எண்ணெயை உறிஞ்சிக்கொண்டால் மிச்சம் நிற்பது வெறும் பொடி. ஒரே வருஷத்தில் பெயர்ந்து விழும் புட்டிக்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். பாவம், பழி மட்டும் கடைக்காரர் தலையில் விழும்.

இப்போது அளவு. காடிக்குக் காடி அகலத்தை மேலே, நடுவில், கீழே மூன்று இடத்தில் எடுங்கள். உயரத்தையும் அப்படியே. குறைந்த அளவை வைத்துக்கொண்டு அதிலிருந்து ஒரு நூல், அதாவது சுமார் 3 மில்லிமீட்டர், கழியுங்கள். அகலம் 12 இஞ்ச் 3 நூல் என்றால் 12 இஞ்ச் 2 நூல் கண்ணாடி கேளுங்கள். மழைக்கு மரம் ஊதும், அந்த ஒரு நூல்தான் கண்ணாடிக்கு மூச்சுவிட இடம். மூலைக்கு மூலை அளந்து இரண்டும் ஒத்துவரவில்லையென்றால் அட்டையை வெட்டி மாதிரி எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். 3 மில்லிமீட்டர் கனக் கண்ணாடி இருந்த இடத்தில் 4 போடலாம், காடி ஆழம் இடம் கொடுத்தால். 4 மில்லிமீட்டர் கண்ணாடி சதுர அடிக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோ கனக்கும், பழைய கீல் தாங்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தரையை ஒட்டிய ஜன்னலுக்கு டஃப்பன்டு கண்ணாடி, அதாவது கடினமாக்கிய கண்ணாடி, நல்லது. ஆனால் அதைப் பிறகு வெட்டவே முடியாது, அளவு முதலிலேயே சரியாக இருக்கவேண்டும்.

புட்டி விஷயத்தில் ஒரு பெயர்க்குழப்பம் உண்டு. கடையில் வெறுமனே 'பட்டி' என்று கேட்டால் சுவருக்குப் பூசும் வெள்ளை சிமென்ட் பட்டியை எடுத்துத் தருவார்கள். அது விறைத்துப் போகும், மரம் அசையும்போது விரியும், ஜன்னலுக்கு ஆகாது. சிலிக்கானையும் நான் சிபாரிசு செய்யமாட்டேன். அதன்மேல் பெயிண்ட் பிடிக்காது, அடுத்த தடவை கண்ணாடி மாற்றும்போது சுரண்டி மாளாது. வீட்டிலேயே பிசைவதானால் ஒரு கிலோ சாக் பவுடருக்கு 180 முதல் 200 மில்லி பச்சை, அதாவது காய்ச்சாத, ஆளிவிதை எண்ணெய். எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிச் சப்பாத்தி மாவுபோல், கையில் ஒட்டாத பதம் வரும்வரை பிசையுங்கள். பிளாஸ்டிக் பையில் சுற்றி ஒரு நாள் வைத்துவிட்டு மறுபடி பிசையுங்கள். ஓரடிக்கு ஒன்றரை அடிக் கண்ணாடிக்கு 200 கிராமுக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும். இரும்பு ஜன்னலுக்கு இது சரிப்படாது. இரும்பு எண்ணெயை உறிஞ்சாததால் புட்டி இறுகாமலே கிடக்கும். உலோக ஜன்னல் புட்டி என்று தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

வேலையில் உயிரான இடம் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. வெளியே தெரியும் சரிவுப் புட்டியை வழவழவென்று இழுப்பதில் எல்லோருக்கும் ஆசை. தண்ணீரைத் தடுப்பதும் கண்ணாடி ஆடாமல் பிடிப்பதும் அடிப்புட்டி. காடியின் நான்கு பக்கமும் விரல் பருமனில் பாதிக்குத் திரித்துப் பரப்பி, அதன்மேல் கண்ணாடியை வைத்து ஓரங்களில் மட்டும் அழுத்துங்கள். நடுவில் அழுத்தினால் உடையும். உள்பக்கம் புட்டி பிதுங்கி வரவேண்டும், கண்ணாடிக்கும் மரத்துக்கும் நடுவில் இரண்டு மில்லிமீட்டர் மெத்தை மிஞ்சவேண்டும். பிதுங்காத இடத்தில் ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். பீடிங் அடிக்கிற ஜன்னலுக்கும் இந்த அடிப்புட்டி உண்டு. அது இல்லாததால்தான் அந்தக் கடகடச் சத்தம்.

அடுத்து, கொண்டையில்லாத முக்கால் இஞ்ச் ஆணிகள். எட்டு இஞ்சுக்கு ஒன்று, ஒரு பக்கத்துக்குக் குறைந்தது இரண்டு. மூலையிலிருந்து இரண்டு இஞ்ச் தள்ளி அடியுங்கள். சுத்தியலை ஓங்காமல், அகல உளியின் பக்கவாட்டைக் கண்ணாடிமேல் படுக்கவைத்துச் சறுக்கித் தட்டினால் ஆணி இறங்கும், கண்ணாடிக்கு அடி விழாது. பாதி ஆணி வெளியே நிற்கட்டும், அதைப் புட்டி மூடிவிடும்.

இப்போதுதான் வெளிப்புட்டி. திணித்து அழுத்திவிட்டு, தகட்டைச் சரிவாகப் பிடித்து மூலையிலிருந்து மூலைக்கு ஒரே இழுப்பில் வாருங்கள். தகடு இழுத்துச் சுருக்கினால் தண்ணீரில் ஒரு முக்கு முக்குங்கள். உள்ளேயிருந்து பார்த்தால் இந்த வெளிப்புட்டி தெரியக்கூடாது. மரத்தின் உள்விளிம்புக்கு ஒன்றரை மில்லிமீட்டர் கீழே அது நிற்கவேண்டும், அந்த மிச்ச இடம் பெயிண்டுக்கு. கண்ணாடியில் படிந்த எண்ணெய்ப் பிசுக்குக்கு உலர்ந்த சாக் பவுடரைத் தூவி மென்மையான பிரஷ்ஷால் துடையுங்கள். இந்த வேலையெல்லாம் நிழலில் நடக்கட்டும், உச்சி வெயிலில் புட்டி தளர்ந்து சரியும். ஐப்பசி அடைமழையில் ஆரம்பிக்கவே வேண்டாம். தை, மாசியில் மரம் நன்றாகக் காய்ந்திருக்கும்.

இரண்டு வாரம் போனால் மேலே தோல்போல் இறுகும், அப்போது பெயிண்ட் அடியுங்கள். அதுவரை கதவைப் படீரென்று சாத்தாதீர்கள். பூச்சு புட்டியைத் தாண்டிக் கண்ணாடிமேல் 2 மில்லிமீட்டர் ஏறவேண்டும். புட்டிக்கும் கண்ணாடிக்கும் இடையிலுள்ள கோட்டை மூடுவது அந்த 2 மில்லிமீட்டர்தான். மாஸ்கிங் டேப்பைப் புட்டி ஓரத்தோடு ஒட்டி அழகாக அடித்தால் அந்த மூடலே இல்லாமல் போகும், முதல் மழையிலேயே தண்ணீர் உள்ளே இறங்கும்.

கடைசியாக, ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணிகள். அவற்றைச் சுருட்டி மூலையில் போட்டால் எண்ணெய் காற்றோடு சேர்ந்து காயும்போது வெளிவரும் சூடு உள்ளேயே தங்கி, தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். வேலை முடிந்த அன்றே தண்ணீரில் நனைத்து, வெளியே தனித்தனியாக விரித்துப் போடுங்கள். விறைப்பாகக் காய்ந்த பிறகு குப்பையில் சேர்க்கலாம். வணக்கம்.