கீசர் பைப்பைத் தொட்டா சுர்ருங்குது, பயப்படணுமா?

குன்னூர்ல இருந்து ஒரு அக்கா கேட்டிருக்காங்க. கீசர் போட்டு குளிக்கும்போது பைப்பைத் தொட்டா சுர்ருன்னு ஏறுதாம், ரப்பர் செருப்பு போட்டுக்கிட்டா ஒண்ணும் தெரியலையாம், அப்படியே குளிக்கலாமா, நீங்க ஷாக் வாங்கியிருக்கீங்களான்னு.

குளிக்காதீங்கக்கா. இன்னைக்கே கீசரை நிறுத்திருங்க. செருப்பு போட்டா கரண்ட் லீக் எங்கயும் போயிடல, உங்க உடம்பு வழியா தரைக்கு இறங்க வழி இல்ல, அவ்வளவுதான். குழந்தை வெறுங்கால்ல போய் குழாயைத் திறந்தா என்ன ஆகும்?

நான் வாங்கியிருக்கேன். கோத்தகிரி பக்கம் எங்க வீடு, ஆடி மாசம், மூணு நாளா மழை விடல, தரையெல்லாம் ஊறிக் கிடக்கு. இரும்பு பக்கெட்ல ஹீட்டர் ராடு போட்டிருந்தோம், நான் வயரிங் வேலை தெரிஞ்சவன், அப்பவும் ஸ்விட்சை அணைக்காம பக்கெட்டை நகர்த்தலாம்னு கைப்பிடியைப் பிடிச்சுட்டேன். பிடிச்ச கை திறக்கல. விடணும்னு எனக்குத் தெரியுது, விரல் நாலும் தானா இன்னும் இறுக்குது, பல்லு கிட்டிருச்சு, அம்மான்னு கூப்பிடப் பார்க்கிறேன் சத்தமே வரல. அம்மா எதேச்சையா வந்தவங்க என்னைத் தொடாம ஓடிப்போய் ஸ்விட்சைத் தட்டினாங்க, அதனாலதான் ரெண்டு பேரும் இருக்கோம். உள்ளங்கையில பீடி சுட்ட மாதிரி ஒரு புள்ளி, கை ரெண்டு நாள் மரத்தே கிடந்துச்சு. அன்னைக்கு ஆஸ்பத்திரி போகல, அது தப்பு, அந்த மாதிரி இழுத்துப் பிடிச்சா கண்டிப்பா போய் ஈசிஜி பார்த்துரணும்.

வீட்ல எம்சிபி, அதான் கரண்ட் அளவுக்கு மேல போனா தானா விழுற ஸ்விட்ச், இருக்கேன்னு நிறைய பேர் கேக்கறாங்க. கீசருக்குப் போடுற 16 ஆம்ப்ஸ் எம்சிபின்னா 16,000 மில்லி ஆம்ப்ஸ், ஆளைக் கொல்ல 50, 100 மில்லி ஆம்ப்ஸே போதும், அது எங்க ட்ரிப் ஆகப்போகுது? அது வயரைக் காப்பாத்துறதுக்கு. ஆளைக் காப்பாத்த 30 மில்லி ஆம்ப்ஸ் ஆர்சிசிபி வேணும், லீக்கைப் பார்த்து விழுற ஸ்விட்ச் அது, ஃபேஸ்ல போற கரண்டும் நியூட்ரல்ல திரும்புற கரண்டும் வித்தியாசப்பட்டா டக்குனு விழுந்துரும். அதுல டெஸ்ட் பட்டன் இருக்கும், மாசம் ஒருதடவை அமுக்கிப் பாருங்க, விழலைன்னா மாத்துங்க.

உங்க கீசர்ல பெரும்பாலும் தண்ணியைச் சூடாக்குற எலிமென்ட் உப்பு படிஞ்சு வெடிப்பு விட்டிருக்கும். ஆனா எர்த், அதான் லீக் ஆகற கரண்டை மண்ணுக்கு இறக்குற வயர், சரியா இருந்தா கரண்ட் பெரும்பாலும் அந்த வழியாவே போயிருக்கும், பைப்பைத் தொடுற உங்களுக்கு இப்படி ஏறாது. நம்ம மலையில பிரச்சனையே இதுதான், ரெண்டடி தோண்டினா பாறை, அதோட விட்டுட்டு எர்த் பைப்பைச் சும்மா சொருகிட்டுப் போயிடறாங்க. எஸ்டேட்ல வரிசையா இருக்கற பழைய லைன் வீடுகள்ல எர்த் வயரே இல்லாம மூணு பின் சாக்கெட் மாட்டியிருக்கறதை நானே கழட்டிப் பார்த்திருக்கேன், பார்க்கும்போதே வயிறு கலங்கும். பாறைன்னா கொஞ்சம் தள்ளி ஈரமண்ணு இருக்கற இடமா பார்த்து குழி எடுக்கணும், கரி உப்பு போட்டு மூடணும், மழை இல்லாத மாசத்துல ரெண்டு குடம் தண்ணி ஊத்தணும்.

வயர்மேனை வரச்சொல்லி முதல்ல எர்த்தை மீட்டர் வெச்சுப் பார்க்கச் சொல்லுங்கக்கா, கீசரை அப்புறம் கழட்டலாம். அதுவரைக்கும் அடுப்புலயே தண்ணி காய வைங்க.