கண்ணை மூடிக்கொள்ளலாம் அக்கா, காதை என்ன செய்வீர்கள்?

நடுவர் ஐயாவுக்கும், இந்தக் குளிரில் மங்கி குல்லாவும் சால்வையுமாக வந்து உட்கார்ந்திருக்கிற கோத்தகிரி மக்களுக்கும் வணக்கம். 'பேய்ப்பட டிரெய்லர் நம்மை நடுங்க வைப்பது கண் வழியாகவா, காது வழியாகவா' என்பதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய எதிரணி அக்கா, கண்ணாடியில் தெரிகிற முகம், வெள்ளைப் புடவை, கட்டிலுக்கு அடியிலிருந்து நீளுகிற கை என்று வரிசையாக அடுக்கி, 'பார்க்காமல் எப்படிப் பயம் வரும்?' என்று கேட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தார். நல்ல கேள்விதான். ஆனால் எந்த ஊரில் நின்றுகொண்டு கேட்கிறார் பாருங்கள்!

மேகம் இறங்கிவிட்டால் நம் ஊரில் பத்தடிக்கு அப்பால் நிற்பது மரமா, மாமியாரா என்றே தெரியாது. கொண்டை ஊசி வளைவில் பஸ் டிரைவர் ஹாரனை அழுத்திவிட்டு, கீழேயிருந்து பதில் ஹாரன் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டுதான் திருப்புகிறார். தேயிலைக்குள் காட்டெருமை நின்றால் முதலில் நமக்கு வருவது அதன் கொம்பு இல்லை, 'புஸ்' என்ற மூச்சு. ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் குளிரில் தகர ஷீட் சுருங்கி 'டக்' என்று ஒரு சத்தம் கொடுக்குமே, காரணம் தெரிந்தும் எத்தனை பேர் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்திருக்கிறீர்கள்? கையைத் தூக்க வேண்டாம், முகத்திலேயே தெரிகிறது.

ஒரு டிரெய்லரை எடுத்துக்கொள்வோம், எந்தப் படமாக இருந்தாலும் சரி. புது வீட்டுக்குக் குடிவருகிறார்கள், லாரியிலிருந்து சாமான் இறங்குகிறது, குழந்தை ஓடுகிறது, குக்கர் விசில், குருவி, பக்கத்து வீட்டு ரேடியோ. இதுவரை விளம்பரப்படம் மாதிரிதான் இருக்கும். அப்புறம் எடிட்டர் ஒரு வேலை செய்கிறார், அதைத்தான் நாம் கவனிப்பதே இல்லை: சத்தங்களை ஒவ்வொன்றாக உருவிவிடுகிறார். முதலில் ரேடியோ போகும், பிறகு குருவி, கடைசியில் ஃபேன் ஓடுகிற சத்தம்கூட இருக்காது. திரையில் அதே கூடம், அதே குழந்தை, ஒரு நாற்காலிகூட நகரவில்லை. ஆனால் உங்கள் முதுகுத்தண்டில் என்னவோ ஊர்கிறது. சோலை ஓரத்தில் விறகு பொறுக்குகிறவர்களைக் கேளுங்கள், சில்வண்டு திடீரென்று நின்றுவிட்டால் அவர்களும் நின்றுவிடுவார்கள். அந்தப் பழைய பயத்தைத்தான் எடிட்டர் இரண்டரை நிமிடத்துக்குள் மடித்து வைக்கிறார்.

அடுத்து ஒரு தாலாட்டு, வேகத்தைக் குறைத்து, ரேடியோவில் பேட்டரி தீர்ந்தது மாதிரி. மெல்ல மெல்ல ஒரு இடி, நம் நெஞ்சுத் துடிப்பைவிடக் கொஞ்சம் வேகமாக. சட்டென்று மொத்தமும் கட். ஒரு விநாடி, இரண்டு விநாடி, ஒன்றுமே இல்லை. நாம் தலையை முன்னால் நீட்டுகிறோம். தாவி வந்தது பூனை. 'சீ, பூனைதானா' என்று மூச்சு விடுகிறோம் பாருங்கள், அடி விழுவது அந்த மூச்சில்தான். திடீர்ச் சத்தத்துக்கு உடம்பு துள்ளுவது யோசித்து எடுக்கிற முடிவே கிடையாது. ஒரு விநாடியில் இருபதில் ஒரு பங்குக்குள் கண் இமை தானாக மூடத் தொடங்கிவிடும். ஆக, எதிரணி பெருமையாகச் சொல்கிற அந்தப் பயங்கர முகம் திரையில் முழுசாக வருவதற்குள், காது போட்ட உத்தரவில் கண் கடையைச் சாத்திவிடுகிறது!

இந்தத் தந்திரத்துக்கு வயது எண்பதுக்கு மேல். 1942இல் 'கேட் பீப்பிள்' என்று ஒரு அமெரிக்கப் படம், தயாரித்தவர் வால் லூட்டன். இரவு, ஆளில்லாத சாலை, ஒரு பெண் நடக்கிறாள், பின்னால் இன்னொரு செருப்புச் சத்தம். கொஞ்ச நேரத்தில் அந்தச் செருப்புச் சத்தம் நின்றுவிடுகிறது. அவள் வேகமாக நடக்கிறாள், திரும்பிப் பார்க்கிறாள், 'ஸ்ஸ்ஸ்' என்று சிறுத்தை சீறுவது போல ஒரு சத்தம், தியேட்டரே துள்ளியது. வந்தது என்ன தெரியுமா? பஸ்! ஏர் பிரேக் போட்ட பஸ். இன்றைக்கும் சினிமாக்காரர்கள் இந்த வித்தைக்கு 'லூட்டன் பஸ்' என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள். கட்டபெட்டு இறக்கத்தில் தினமும் இந்தச் சீறலைக் கேட்டுக்கொண்டு காய்கறிப் பையோடு போகிற நமக்கு, இது புரியாமல் யாருக்குப் புரியும்?

1979இல் வந்த 'ஏலியன்' டிரெய்லரில் ஒரு வசனம் கிடையாது. ஒரு முட்டை விரிசல் விடுகிறது, அப்புறம் சங்கு ஊதுகிற மாதிரி ஒரு ஓலம், ஓடுகிற மனிதர்கள். கடைசியில் எழுத்தில் ஒரு வரி: விண்வெளியில் நீ அலறினால் யாருக்கும் கேட்காது. யாருக்கும் தெரியாது என்று போடவில்லை ஐயா, கேட்காது என்றுதான் போட்டான். 'சைக்கோ' படத்தின் குளியலறைக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றுதான் அதன் இயக்குநர் ஹிட்ச்காக் முதலில் நினைத்திருந்தார். இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் வயலின்களைக் கீச்சிட வைத்துக் கொண்டுவந்து போட்டுக் காட்டிய பிறகு மனதை மாற்றிக்கொண்டார். அவ்வளவு பெரிய காட்சிக்காரரே எங்கள் அணிக்கு வந்துவிட்டார், அக்கா எப்போது வரப்போகிறார் என்று தெரியவில்லை.

எதிரணியின் இரண்டாவது தம்பி சொன்னார், 'இப்போதெல்லாம் டிரெய்லரை போனில் சத்தத்தை மூடிவிட்டுத்தான் பார்க்கிறோம்' என்று. ஏன் தம்பி மூடுகிறீர்கள்? அந்த ரகசியத்தைச் சபையில் சொல்லிவிட்டீர்களே!

அதையும் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன். போன வாரம் வீட்டில் பாட்டி முறத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். போனை மியூட்டில் வைத்து ஒரு டிரெய்லரைக் காட்டினேன். தலைவிரி கோலமாகப் பேய் கிட்டத்தில் வந்து நிற்கிறது. பாட்டி கண்ணாடியைச் சரி செய்துகொண்டு உற்றுப் பார்த்தார். 'யாருடா இவ, தலைக்கு எண்ணெய் வைக்க வீட்டில் ஆள் இல்லையா?' அவ்வளவுதான், மறுபடி பூண்டு. கொஞ்ச நேரம் கழித்து அவர் முதுகுக்குப் பின்னால் நின்று, படத்தைக் காட்டாமல், அதே டிரெய்லரைச் சத்தத்தோடு மட்டும் ஓட்டினேன். அந்தத் தாலாட்டு வரும்போதே உரிக்கிற கை மெதுவாகிவிட்டது. நிசப்தம் வந்தபோது கை நின்றே போனது. அப்புறம் அந்த அடி. முறம் ஒரு பக்கம், பூண்டு அடுப்படி முழுக்க, எனக்கு முதுகில் இரண்டு வைத்தார். அரைக் கிலோ பூண்டையும் நான்தான் குனிந்து பொறுக்கினேன், அதில் ஒரு பல் இன்னும் கிடைக்கவில்லை.

தியேட்டரில் பயந்தால் எல்லோரும் கண்ணைக் கையால் பொத்துகிறோம் என்கிறார் அக்கா. ஆமாம், விரல் இடுக்கில் பார்த்துக்கொண்டே! பொத்தினோம் என்று பெயர். உண்மையிலேயே தப்பிக்க நினைக்கிறவன் இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொண்டு, கண்ணை விரியத் திறந்து வைத்து, மீன்காட்சி பார்க்கிற மாதிரி உட்கார்ந்திருப்பான். அவனை அந்தப் பேய் ஒன்றும் செய்ய முடியாது.

நேரம் ஆகிவிட்டது என்று தெரிகிறது. நடுவர் ஐயா மணிக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோய் வைத்து ஒரு நிமிடம் ஆகிறது, இன்னும் அடிக்கவில்லை. முன்வரிசையில் ஒரு குழந்தை ஏற்கெனவே காதைப் பொத்திக்கொண்டுவிட்டது. அடித்துவிடுங்கள் ஐயா. நன்றி, வணக்கம்.