சம்பா வயலுக்கு உலகம் எந்த வழியாக வருகிறது?

[காட்சி: மன்னார்குடி வட்டாரம். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தின் முன்வாசல். அடுக்கி வைத்த உர மூட்டைகள். மேசைமேல் விரல்ரேகைக் கருவி.]

ஐப்பசி பிறந்து, நடவு முடிந்த சம்பா வயல்களில் பயிர் வேர் பிடித்துப் பச்சை கட்டத் தொடங்கும் நாட்களில், காவிரிப் படுகையின் எந்தக் கூட்டுறவுச் சங்கத்துக்குச் சென்றாலும் இந்தக் கருவியைப் பார்க்கலாம். ஆதார் எண்ணைச் சொல்லி, விரலை வைத்து, ரேகை ஒத்துப்போன பிறகுதான் யூரியா மூட்டை வெளியே வரும். ஆண்டுக்கணக்கில் மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த கட்டைவிரலைக் கருவி எளிதில் ஏற்றுக்கொள்வதில்லை. விரலை வேட்டியில் துடைத்துவிட்டு மறுபடியும் வைக்கிறார்கள். "வேற விரல வைங்க பெரியப்பா" என்கிறார் விற்பனையாளர். 45 கிலோ மூட்டையின் விலை 266 ரூபாய் 50 காசு.

இந்த விலை பல ஆண்டுகளாக மாறவில்லை. 2022ஆம் ஆண்டு ரஷ்யா உக்ரைன்மீது படையெடுத்து, உலகச் சந்தையில் உரங்களின் விலை தாறுமாறாக ஏறியபோதும், மன்னார்குடியில் யூரியா அதே 266 ரூபாய் 50 காசுக்குத்தான் விற்றது. இடைப்பட்ட தொகையை மத்திய அரசு மானியமாகச் சுமந்தது; 2022-23ஆம் நிதியாண்டில் மட்டும் உர மானியம் சுமார் 2.5 லட்சம் கோடி ரூபாயை எட்டியது. அப்படியானால் உலக வணிகத்தின் ஏற்ற இறக்கம் டெல்டா விவசாயியைத் தொடவில்லை என்று பொருளா? தொட்டது, ஆனால் விலை என்ற உருவில் தொடவில்லை. உரம் ஏற்றிவரும் கப்பல் தாமதமானால் சங்கத்தின் முன் வரிசை நீளும். ஒருவருக்கு இத்தனை மூட்டைதான் என்று அளவு கட்டுவார்கள். வளரும் பயிருக்கு மேலுரம் போட வேண்டிய வாரத்தில் உரம் இருக்காது. விதை வாங்குவதிலிருந்து நெல்லை விற்பது வரையிலும் உலகம் இந்த வயல்களுக்கு எப்படி வந்து சேர்கிறது என்பதைப் பார்ப்பதே இந்தக் காணொளியின் நோக்கம். காவிரி நீர்ப் பங்கீட்டை இதில் வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறோம். அதைப் பற்றிப் பேசாத மேடை இல்லை. இவற்றைப் பற்றிப் பேசுகிற மேடைதான் குறைவு.

[காட்சி: யூரியா குருணைகள் கைநிறைய. பின்னணியில் வரைபடம்: காற்று, எரிவாயு, உலை.]

முதலில் அந்த வெள்ளைக் குருணை எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். பயிருக்குத் தேவையான நைட்ரஜன் நம் தலைக்கு மேலேயே இருக்கிறது. காற்றில் ஏறத்தாழ 78 சதவீதம் நைட்ரஜன்தான். ஆனால் அதன் இரண்டு அணுக்களும் மும்மைப் பிணைப்பால் இறுகப் பிணைந்திருப்பதால், நெற்பயிரின் வேர் அதை நேரடியாக எடுத்துக்கொள்ள முடியாது. அந்தப் பிணைப்பை உடைத்து, ஹைட்ரஜனோடு சேர்த்து அம்மோனியாவாக மாற்றும் வழியை 1909இல் ஜெர்மானிய வேதியியலாளர் ஃபிரிட்ஸ் ஹேபர் ஆய்வுக்கூடத்தில் செய்து காட்டினார். கார்ல் போஷ் அதை ஆலை அளவுக்கு வளர்த்தெடுக்க, 1913இல் ஓப்பாவ் என்ற ஊரில் முதல் ஆலை இயங்கத் தொடங்கியது. இரும்பு வினையூக்கி, 400 முதல் 500 டிகிரி செல்சியஸ் வரையான வெப்பம், காற்றழுத்தத்தைப் போல நூறு மடங்குக்கும் மேற்பட்ட அழுத்தம் ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் அந்த வினை ஆலைக்குக் கட்டுப்படியாகும் வேகத்தில் நடக்கும். இன்று உலக மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேரின் உணவு இந்த ஒரு வினையைச் சார்ந்திருக்கிறது என்ற மதிப்பீடு உண்டு. அம்மோனியாவோடு கரியமில வாயுவைச் சேர்த்தால் யூரியா கிடைக்கிறது. அதன் எடையில் 46 சதவீதம் நைட்ரஜன்.

காற்று இலவசம், ஹைட்ரஜன்தான் இலவசமல்ல. இந்தியாவின் யூரியா ஆலைகள் அதை இயற்கை எரிவாயுவிலிருந்து பிரித்தெடுக்கின்றன. நாட்டுக்குத் தேவையான எரிவாயுவில் ஏறத்தாழப் பாதி, திரவமாகக் குளிர்விக்கப்பட்டுக் கப்பலில் வருகிறது. அதிகமாக அனுப்பும் நாடு கத்தார். அந்தக் கப்பல்கள் ஹோர்முஸ் நீரிணையைக் கடந்தாக வேண்டும். ஆகவே பாரசீக வளைகுடாவில் பதற்றம் என்ற செய்தி, கோட்டூர் ஒன்றியத்து விவசாயிக்கு வெளிநாட்டுச் செய்தி அல்ல. இரண்டாம் மேலுரத்தைப் பற்றிய செய்தி.

இதில் ஒரு முரண் இருக்கிறது. எரிவாயு டெல்டாவின் நிலத்தடியிலேயே உண்டு. நரிமணத்திலும் குத்தாலத்திலும் பல பத்தாண்டுகளாக எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கப்படுகின்றன. மன்னார்குடிக்கு அருகே கோவில்களப்பாலில் அந்த எரிவாயுவைக் கொண்டு மின்சாரம் தயாரிக்கும் நிலையமும் இருக்கிறது. அதாவது உள்ளூர் எரிவாயு மின்கம்பி வழியாக வெளியே போகிறது, உள்ளூர்ப் பயிருக்கான நைட்ரஜன் வேறொரு நாட்டின் எரிவாயுவிலிருந்து வருகிறது. அதற்காக இங்கே மேலும் தோண்ட வேண்டும் என்று சொல்ல வரவில்லை. ஹைட்ரோகார்பன் திட்டத்துக்கு எதிரான நெடுவாசல் போராட்டத்துக்குப் பிறகு, 2020இல் தமிழ்நாடு அரசு இயற்றிய பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலச் சட்டம், புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறுகளைத் தடுக்கிறது; கடல்நீர் உள்ளே ஏறிக்கொண்டிருக்கும் ஒரு படுகையில் அது தேவையான சட்டம் என்றே கருதுகிறோம்.

பொட்டாஷ், நைட்ரஜனும் பாஸ்பரஸும் சேர்ந்த டிஏபி ஆகிய உரங்களின் கதை இன்னும் நேரடியானது. பொட்டாஷ் என்பது பழங்காலக் கடல்கள் வற்றியபின் நிலத்தடியில் படிந்த உப்பு. கனடா, ரஷ்யா, பெலாரஸ் போன்ற சில நாடுகளிலேயே பெருமளவில் இருக்கிறது; இந்தியா தன் தேவை முழுவதையும் இறக்குமதி செய்கிறது எனலாம். டிஏபிக்கு வேண்டிய பாஸ்பேட் பாறை மொராக்கோ, ஜோர்டான் போன்ற நாடுகளிலிருந்து வருகிறது. சீனா 2021இன் இறுதியிலிருந்து தன் பாஸ்பேட் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியதும், 2023இன் இறுதியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டதால் அவை ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிவர நேர்ந்ததும் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்துகொள்ள, 2024இன் பிற்பகுதியில் நாட்டின் பல பகுதிகளில் பயிரின் தொடக்கத்தில் இடும் அடியுரத்துக்கு டிஏபி கிடைக்கவில்லை. டிஏபிக்குப் பதிலாக சூப்பர் பாஸ்பேட் போடுங்கள் என்று வேளாண்மைத் துறை அறிவுறுத்தியது. ஆலோசனையில் தவறில்லை, ஆனால் அதே அளவு மணிச்சத்துக்கு, அதாவது பாஸ்பரஸுக்கு, கூடுதல் மூட்டைகள் வேண்டும், அவற்றைச் சுமக்கக் கூடுதல் கூலி வேண்டும்.

[காட்சி: ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வயல். வரிசையாகப் பெயர்ப்பலகைகள்.]

உரம் வந்ததும் விதை மாறியாக வேண்டியிருந்தது. பழைய உயரமான நாட்டு நெல் ரகங்களுக்கு நைட்ரஜனை அள்ளிக் கொடுத்தால், தண்டு நீண்டு, கதிரின் கனம் தாங்காமல் பயிர் சாய்ந்துவிடும். தண்டு குட்டையாகவும் உறுதியாகவும் இருந்தால்தான் போட்ட உரம் நெல்லாகும். 1960இல் பிலிப்பைன்ஸின் லாஸ் பானோஸ் நகரில் தொடங்கப்பட்ட பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம், இந்தோனேசியாவின் 'பேட்டா' என்ற உயர ரகத்தையும் தைவானின் குட்டை ரகம் ஒன்றையும் இணைத்து, 1966இல் ஐ.ஆர். 8 என்ற குட்டை ரகத்தை வெளியிட்டது. அதே 1960இல்தான் தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்துக்கு நாட்டிலேயே முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாவட்டங்களில் ஒன்றாகத் தஞ்சாவூர் ஆனது. உரத்தையும் விதையையும் கடனையும் ஒன்றாக விவசாயியிடம் கொண்டுசேர்ப்பது அதன் வழிமுறை. ஆடுதுறையிலும் அந்தப் பத்தாண்டில் ஜப்பானிய நெல்லோடு நம் நெல்லை இணைத்து ஆடுதுறை 27ஐ உருவாக்கியிருந்தார்கள். நம் வீட்டுச் சோற்றுக்கு இன்றும் முதல் தேர்வாக இருக்கும் பொன்னிகூட, கட்டாக்கில் இணைசேர்க்கப்பட்டு மலேசியாவில் தேர்வான மசூரி என்ற ரகத்தின் வழி வந்ததுதான். நெல் நமது என்பதில் ஐயமில்லை. ஆனால் கடந்த அறுபது ஆண்டுகளின் நெல் பல நாடுகளைச் சுற்றி வந்த நெல்.

இந்த வரிசையில் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டியது சி.ஆர். 1009 சப்-1 என்ற ரகம்.

[காட்சி: வெள்ளம் சூழ்ந்த கடைமடை வயல். நீருக்கடியில் நாற்றுகள். இயங்கு படம்: தண்டு நீளும் பயிரும் நீளாத பயிரும்.]

வடகிழக்குப் பருவமழை வலுக்கும் கார்த்திகையில், திருத்துறைப்பூண்டி, தலைஞாயிறு, வேதாரண்யம் பகுதிகளின் தாழ்ந்த வயல்களில் நீர் வடிய வழியின்றி இளம்பயிர் முழுவதுமாக மூழ்கிவிடும். மூழ்கிய சாதாரண நெற்பயிர் என்ன செய்கிறது? நீர்மட்டத்துக்கு மேலே வந்துவிட வேண்டும் என்று தண்டையும் இலையையும் வேகமாக நீட்டுகிறது. நீருக்குள் ஒளிச்சேர்க்கை குறைவு என்பதால், சேமித்து வைத்த மாவுச்சத்து முழுவதையும் அந்த ஓட்டத்திலேயே செலவழித்துவிடுகிறது; ஒரு வாரம் கழித்து நீர் வடியும்போது நிற்கவும் வலுவின்றி மடிகிறது. ஒடிசாவின் பழைய நாட்டு ரகம் ஒன்றிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட எஃப்.ஆர். 13ஏ என்ற நெல் இதற்கு விலக்கு. அது மூச்சை அடக்கிக்கொண்டு அமர்ந்திருப்பவரைப் போல வளர்ச்சியை நிறுத்திவிடுகிறது; நீர் வடிந்ததும் மிச்சம் வைத்த சத்தைக் கொண்டு மீண்டும் துளிர்க்கிறது. விளைச்சலும் சுவையும் குறைவு என்பதால் அந்த ரகத்தை அப்படியே யாரும் பயிரிட விரும்பவில்லை. அதன் சகிப்புத்தன்மைக்குக் காரணமான சப்-1ஏ என்ற மரபணுவைக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் பிலிப்பைன்ஸ் நிறுவனத்தினரும் சேர்ந்து கண்டறிந்து 2006இல் வெளியிட்டார்கள். தண்டை நீளச் செய்யும் ஜிப்ரெல்லின் என்ற வளர்ச்சி ஊக்கியின் தூண்டுதலுக்குப் பயிர் செவிசாய்க்காதபடி அந்த மரபணு தடுக்கிறது. ஐ.ஆர். 8 குட்டையாக இருப்பதற்கும் அதே ஜிப்ரெல்லினின் குறைவுதான் காரணம் என்பது நெல் அறிவியலில் ரசிக்கத்தக்க ஓர் ஒற்றுமை.

அடுத்த வேலை, டெல்டா விவசாயிகள் ஏற்கெனவே விரும்பிப் பயிரிட்டுவந்த, பொன்மணி என்று அழைக்கப்படும் சி.ஆர். 1009க்குள் அந்தப் பண்பை மட்டும் கொண்டுவருவது. இரண்டையும் இணைத்து, பிறந்த செடிகளை மீண்டும் மீண்டும் சி.ஆர். 1009உடனேயே இணைத்து, ஒவ்வொரு தலைமுறையிலும் எந்த நாற்றில் அந்த சப்-1ஏ மரபணு இருக்கிறது என்பதை மரபணுக் குறியீட்டைச் சோதித்துத் தேர்ந்தெடுத்தார்கள். இது மரபணு மாற்றுப் பயிர் அல்ல. நெல்லோடு நெல்லை இணைத்ததுதான், தேர்வு செய்யும் கண் மட்டும் ஆய்வுக்கூடத்துக்கு மாறியிருக்கிறது. இரண்டு வாரம்வரை மூழ்கினாலும் பயிர் தாங்கும். ஆயினும் எல்லா வெள்ளத்துக்கும் இது மருந்தாகாது. பூக்கும் தருணத்தில் வரும் வெள்ளத்தையும், மாதக்கணக்கில் முழங்கால் அளவு தேங்கும் நீரையும் இந்த மரபணு சமாளிக்காது. வடிகால் தூர்வாரப்படாத ஊரில் விதையை மட்டும் மாற்றிப் பயனில்லை என்பதை விவசாயிகளே முதலில் சொல்கிறார்கள்.

[காட்சி: ரப்பர் பட்டை பூட்டிய அறுவடை இயந்திரம் சேற்று வயலில் நகர்கிறது.]

அறுவடைக்கு வருவோம். திருப்பூரின் ஏற்றுமதிப் பின்னலாடை ஆலைகளும், சென்னையும், வளைகுடா நாடுகளும் சிங்கப்பூரும் டெல்டாவின் இளைஞர்களை அழைத்துக்கொண்டன. ஆள் போனதால் இயந்திரம் வந்ததா, இயந்திரம் வந்ததால் ஆள் போனாரா என்று கேட்டால் ஊருக்கு ஊர் வேறு விடை கிடைக்கும். கதிர் அறுத்து நெல்லாகவே கூலி பெற்ற பெண்களிடம் கேட்டால் இரண்டாவதைத்தான் சொல்வார்கள். இன்று அறுவடைக் காலத்தில் வெளி மாவட்டங்களிலிருந்து லாரிகளில் ஏறி வரும் இயந்திரங்கள், மணிக்கு இவ்வளவு என்று வாடகை பேசி வயலில் இறங்குகின்றன. ஈர வயலுக்குப் பட்டை பூட்டிய 'பெல்ட் மிஷின்', காய்ந்த வயலுக்கு 'டயர் மிஷின்'. முன்னதற்கு வாடகை கூடுதல். ஏக்கரை ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுகின்றன.

அந்த வேகத்துக்கு ஒரு விலை உண்டு, அது கொள்முதல் நிலையத்தில்தான் தெரியவரும். கையால் அறுத்த காலத்தில் அரிகள் வயலிலேயே காய்ந்து, கட்டாகிக் களத்துக்கு வந்து, அடித்துத் தூற்றி மூட்டையாகும்வரை நெல்லின் ஈரம் தானே இறங்கியது. இயந்திரம் அறுப்பதும் அடிப்பதும் ஒரே நேரத்தில் என்பதால், நெல் ஈரத்தோடேயே நேராக டிராக்டர் பெட்டிக்குள் விழுகிறது. சம்பாவுக்கு முந்தைய குறுவைப் பருவத்தின் அறுவடை நடக்கும் ஐப்பசி மழையில் அதைக் காயவைக்க வெயிலும் இல்லை, இடமும் இல்லை; நெடுஞ்சாலையின் ஓரத்தில் நெல் பரப்பியிருப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பத மானி 17 சதவீதத்துக்கு மேல் காட்டினால் நெல்லை எடுக்க மாட்டார்கள். 2025-26 பருவத்துக்குச் சன்ன ரகத்துக்கு மாநில ஊக்கத்தொகையும் சேர்த்துக் குவிண்டாலுக்கு 2,545 ரூபாய் என்பது உறுதியான விலைதான். ஆனால் அந்த விலைக்குள் நுழையும் வாசல் ஒரு கையடக்கக் கருவியின் எண்.

உலக அரிசி வணிகத்தில் ஏறத்தாழ 40 சதவீதம் இந்தியாவுடையது. 2023 ஜூலையில் பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியை இந்தியா நிறுத்தியபோது உலக விலை பதினைந்து ஆண்டுகளில் காணாத உயரத்துக்குப் போனது. மேற்கு ஆப்பிரிக்காவிலும் பிலிப்பைன்ஸிலும் அதை உணர்ந்தார்கள். 2024 செப்டம்பரில் தடை விலகியது. டெல்டாவின் நெல்லில் பெரும்பகுதி அரசுக் கொள்முதல் வழியாக ரேஷன் கடைக்குப் போவதால், அந்த உயரமும் சரிவும் இங்குள்ள விவசாயியின் கைக்கு நேரடியாக வருவதில்லை. அவருக்கு அதைவிட அவசரமான கேள்வி வேறு. மழைக்காலத்தில் 17 சதவீத வரம்பைத் தளர்த்தும்படி மாநில அரசு தில்லிக்குக் கடிதம் எழுதுகிறது. மத்தியக் குழு வந்து நிலையம் நிலையமாக மாதிரி எடுத்து, ஆய்வகத்துக்கு அனுப்பி, அறிக்கை கொடுக்கிறது. சில ஆண்டுகளில் 19 சதவீதம், சில ஆண்டுகளில் 20 சதவீதம் என்று ஆணை வருகிறது. ஈர நெல் குவியலில் முளைவிட அத்தனை நாள் ஆகாது. ஒவ்வொரு வட்டாரத்திலும் போதுமான நெல் உலர்த்திகள் இருந்தால் அந்தக் கடிதத்துக்கே தேவை இருக்காது. உலர்த்தி புதிய கண்டுபிடிப்பும் அல்ல, இறக்குமதி செய்தாக வேண்டிய பொருளும் அல்ல.