எழுந்திருந்து போஜனம்பண்ணு

கர்த்தருக்குள் அன்பானவர்களே,

அனோரெக்சியா, அதாவது எடை கூடிவிடும் என்ற பயத்தில் சாப்பாட்டையே ஒதுக்க வைக்கும் மனநோய், அதிலிருந்து எழுந்ததைப் பற்றிச் சாட்சி சொல்லும்படி அழைத்திருக்கிறீர்கள். ஆரம்பிக்கும் முன்னே ஒன்று. அந்த நாட்களில் என் எடை என்ன, எத்தனை வேளை சாப்பிடாமல் இருந்தேன் என்ற கணக்கை இந்த மேடையில் சொல்ல மாட்டேன். மறைப்பதற்காக அல்ல. இந்த நோய் உள்ளவர்கள் காதில் இன்னொருவருடைய எண் விழுந்தால், அதைவிடக் குறைவாகப் போக வேண்டும் என்று மனம் துடிக்கும். எனக்குத் துடித்தது. இங்கே அப்படி ஒரு பிள்ளை உட்கார்ந்திருந்தால், அவளுக்கு என் வாயிலிருந்து ஒரு எண் கிடைக்கக் கூடாது.

எனக்கு வந்தது அனோரெக்சியா. உடம்பு இளைக்க வேண்டும் என்றுதான் தொடங்கினேன். பிறகு சபையில் உபவாச ஜெப நாட்கள் வந்தன. மற்றவர்கள் சாயங்காலம் உபவாசத்தை முடித்தார்கள், நான் முடிக்கவில்லை. "இந்த வயதில் இந்தப் பிள்ளைக்கு எவ்வளவு ஜெப பாரம், பாருங்கள்" என்று ஒரு மூத்த சகோதரி எல்லார் முன்னாலும் சொன்னார்கள். அன்போடு சொன்னதுதான். ஆனால் அன்றைக்கே என் நோய்க்கு ஒரு நல்ல பெயர் கிடைத்துவிட்டது. வீட்டில் தட்டைத் தள்ளி வைத்தால் சண்டை வரும். "இன்றைக்கு உபவாசம்" என்றால் அம்மாகூட வாயைத் திறக்க மாட்டார்கள்.

உபவாசம் இருக்கிறவர் பசியோடு ஆண்டவரிடம் போகிறார். நான் போனது எடை பார்க்கும் இயந்திரத்திடம். முழங்காலில் நிற்கும்போதும் அடுத்த வேளைச் சாப்பாட்டிலிருந்து எப்படித் தப்புவது என்றே யோசனை. இப்படிச் சாப்பாட்டையே நினைக்கிறேனே, இது எவ்வளவு பெரிய பாவம் என்று அழுது அறிக்கையிடுவேன். அந்தப் பாவத்துக்குத் தண்டனையாக இன்னொரு வேளையை விடுவேன். "உங்கள் சரீரம் பரிசுத்த ஆவியின் ஆலயம்" என்ற வசனத்தைக்கூட சாட்டையாக்கி என்னையே அடித்துக்கொண்டேன்.

அது பாவமல்ல, பட்டினி என்று எனக்கு விளங்க வைத்தவர் ஒரு மனநல மருத்துவர். ஒரு ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னார். 1944 நவம்பரில் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற விஞ்ஞானி தொடங்கியது. மனச்சாட்சியின்படி ஆயுதம் ஏந்த மறுத்த 36 இளைஞர்கள் தாங்களாக முன்வந்தார்கள். அவர்களில் பலர் மென்னோனைட், பிரதரன், குவேக்கர் போன்ற சமாதான சபைகளைச் சேர்ந்தவர்கள். உடலும் மனமும் திடமாக இருந்தவர்கள். ஆறு மாதம் அவர்களை அரைப்பட்டினியில் வைத்தார்கள். சிலர் சமையல் புத்தகங்களைச் சேர்க்கத் தொடங்கினார்கள். ஒரு தட்டுச் சாப்பாட்டை மணிக்கணக்கில் இழுத்தார்கள். மனம் சோர்ந்தது, மனிதர்களை விட்டு ஒதுங்கினார்கள். கேட்டுக்கொண்டிருந்தபோதே எனக்கு அழுகை வந்துவிட்டது. அவ்வளவும் நான். என் ஆத்துமா கெட்டுப்போனதால் வந்தது என்று நான் நம்பியதெல்லாம், யாரைப் பட்டினி போட்டாலும் வரக்கூடியது!

அதற்குப் பிறகுதான் 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசித்தேன். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் படுத்துக்கொண்டு, "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்கிறான். தேவதூதன் வருகிறான். ஏன் விசுவாசம் குறைந்தாய் என்று ஒரு கேள்வி இல்லை. ஒரு பிரசங்கம் இல்லை. தட்டியெழுப்பி, "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்கிறான். தழலில் சுட்ட அடை, பாத்திரத்தில் தண்ணீர். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொள்கிறான். அதற்கும் திட்டு இல்லை. தூதன் இரண்டாம் தரம் வந்து அதையே சொல்கிறான்: "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்."

அந்த இரண்டாம் தரத்தில்தான் நான் பிழைத்தேன். ஒரே இரவு ஜெபத்தில் சுகமானேன் என்று சொன்னால் இந்த அரங்கம் ஸ்தோத்திரம் சொல்லும். ஆனால் அது பொய் சாட்சி. நான் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டேன். நீண்ட நாள் பட்டினி கிடந்தவருக்குத் திடீரென்று வயிறு நிறையக் கொடுத்தால் இரத்தத்தில் பாஸ்பேட் என்ற உப்பு சட்டென்று இறங்கும், இதயத்துக்கே ஆபத்தாகலாம். அதனால் கொஞ்சம் கொஞ்சமாக, இரத்தத்தைப் பரிசோதித்துப் பரிசோதித்துத்தான் உணவு கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகு ஒரு முறை மறுபடியும் அந்த நோயில் விழுந்தேன். விசுவாசத்தில் பின்வாங்கிப்போனேன் என்று மறைந்து திரிந்தேன். சூரைச்செடியின் கீழ் திரும்பவும் படுத்த எலியாவை அப்போது நினைத்துக்கொண்டேன். மருத்துவரிடம் மறுபடியும் போனேன்.

அப்படியானால் விசுவாசம் என்னதான் செய்தது? எனக்குள் இரவும் பகலும் ஒரு குரல் பேசிக்கொண்டிருந்தது: நீ போதாது, உனக்கு ஆகாரம் உண்ணத் தகுதியில்லை. அது ஆண்டவருடைய குரல் என்று பல வருடம் நம்பியிருந்தேன். யவீருவின் மகளை நினைத்துப் பாருங்கள். 12 வயதுப் பெண். அவளை உயிரோடு எழுப்பிய பிறகு இயேசு சொன்னது, அவளுக்கு ஆகாரம் கொடுங்கள் என்பதுதான். எழுந்த பிள்ளைக்குப் பசிக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இப்படிப்பட்டவருடைய குரலையா நான் அந்தக் குரலோடு குழப்பிக்கொண்டேன்! பயத்தோடு ஒரு கவளத்தை எடுக்கும்போது, இது தோல்வியல்ல, கீழ்ப்படிதல் என்று சொல்லிக்கொண்டே விழுங்கினேன். மருத்துவர் உணவு அட்டவணையைக் கொடுத்தார். அதை நிறைவேற்றும் தைரியம் எனக்கு விசுவாசத்திலிருந்து வந்தது.

பரிசுத்தவாட்டிகளுக்கும் இந்தப் போராட்டம் உண்டு. இத்தாலியில் சியன்னா நகரத்துப் பரிசுத்தவாட்டி கேத்தரின், உணவு உட்கொள்ள முடியாமல் மெலிந்து, 1380-இல் 33 வயதில் மரித்தவர். மற்றவர்களைப் போல உண்ணும் கிருபை வேண்டுமென்று ஆண்டவரிடம் கேட்பதாக அவர் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். அவருடைய உபவாசத்தைப் புகழ்ந்து பேசுகிறவர்கள் இந்த ஜெபத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

போதகர்மாரே, பெற்றோரே, ஒரு விண்ணப்பம். உபவாசம் அறிவிக்கும்போது, இந்த நோய் உள்ளவர்களுக்கு அது வேண்டாம் என்று வாய் திறந்து சொல்லுங்கள். மெலிந்தவர்களை மட்டும் தேடாதீர்கள். நிறையச் சாப்பிட்டுவிட்டு ரகசியமாக வாந்தி எடுக்கிறவர்களின் உடம்பு பார்க்க இயல்பாகவே இருக்கலாம். உள்ளே பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பு தடுமாறிக்கொண்டிருக்கலாம். "இளைத்துவிட்டாய்", "சதை போட்டிருக்கிறாய்" இரண்டையும் விட்டுவிடுங்கள். நான் கொஞ்சம் தேறி வந்தபோது, "இப்போதுதான் முகம் பூரிப்பாக இருக்கிறது" என்று ஒருவர் ஆசையாகச் சொன்னார். அன்று இரவு நான் சாப்பிடவில்லை. ஜெபியுங்கள், ஜெபித்துவிட்டு மருத்துவரிடமும் கூட்டிப்போங்கள்.

கூட்டம் முடிந்ததும் எல்லாருக்கும் சாப்பாடு இருக்கிறது. நானும் சாப்பிடப் போகிறேன், கடைசி மேஜையில் உட்காருவேன். தனியாகத் தட்டின் முன்னால் உட்காரப் பயமாக இருக்கிறவர்கள் என் பக்கத்தில் வந்து உட்காருங்கள். எதுவும் பேச வேண்டாம். உங்கள் தட்டில் என்ன இருக்கிறது என்று நான் பார்க்க மாட்டேன்.